ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்: மகளைச் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எண்ணூரில் வாடகை வீட்டில் இருக்கும் நாங்கள், வரும் மே மாதம் மீஞ்சூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் உள்ள மாமனார் வீட்டுக்குக் குடிபோகிறோம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்பிலும் சேர்த்து நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள்தான். தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். மீஞ்சூரில் உள்ள மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு வேனில் அனுப்பலாம் என்கிறார் கணவர். பக்கத்துப் பள்ளியே போதும் என்கிறார் மாமியார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன். போனால் எதைப் பார்ப்பது?
— ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: இரண்டு ஆசிரியர்தானே என்ற தயக்கத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்தப் பள்ளிக்குக் குறையொன்றும் இல்லை. ஆசிரியர் ஒருவருக்கு இருபது பிள்ளைகளுக்குள் என்பது கட்டணம் வாங்கும் பள்ளிகள் பலவற்றில் கிடைக்காத வசதியும்கூட. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு பேர் ஐந்து வகுப்பை நடத்தும்போது, எந்த நேரத்திலும் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரின் நேர்ப்பார்வை இல்லாமல்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்த்துவர வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மாணவர் சேர்க்கைப் பேரணியும் வரவேற்பும் நடக்கும் நாளில் போகாதீர்கள். அன்று எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பு ஏதேனும் ஒரு சாதாரண நாளில், காலை வழிபாடு முடிந்த கையோடு போய், மகளைச் சேர்க்கும் எண்ணத்தில் வந்திருப்பதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். வகுப்பறைக்குள் உட்கார அனுமதிக்கத் தயங்கினால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாழ்வாரத்திலிருந்தே வேண்டிய அளவு தெரியும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒழுங்கில்லாத பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையிலேயே, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளை வைத்துக்கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் வழக்கம் வந்துவிட்டது. 2022 ஜூனில் உங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது அவர்களின் கற்றல் நிலையை வைத்துத்தான். ஆகவே சலசலப்பு இருக்கலாம், எழுந்து நடக்கலாம். ஆனால் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போதும் இந்தப் பக்கத்துப் பிள்ளையின் கையில் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்க வேண்டும். அதை முடித்ததும் அடுத்து எதை எடுப்பது என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்கவும் வேண்டும். கை கட்டி, வாய் பொத்தி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் மூன்று வகுப்புகளைவிட இது எவ்வளவோ மேல்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்களைப் பாருங்கள். பல தொடக்கப் பள்ளிகளில் சுவரின் கீழ்ப்பகுதியில், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை அடித்திருப்பார்கள். அதில் கோணல்மாணலாகப் பிள்ளைகளின் எழுத்து இருந்தால், பாதி அழித்த கூட்டல் கணக்கு இருந்தால், அந்த வகுப்பு நடக்கிறது. மேலே பெரிய பலகையில் தேதியும் வருகைப் பதிவும் முத்து முத்தான கையெழுத்தில் இருக்க, கீழ்ப்பலகை மட்டும் துடைத்து வைத்தது போலிருந்தால் யோசியுங்கள். அடுத்தது பிள்ளைகளின் நோட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் தமிழ் நோட்டை ஜூன் மாதப் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். பிழையே இல்லாத நோட்டை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கும். ஜூனில் ‘மறம்’ என்று மரத்தை எழுதிய பிள்ளை, ஆசிரியர் சுழித்துக் காட்டிய பிறகு ஆகஸ்டில் ‘மரம்’ என்று எழுதியிருந்தால், அந்த நோட்டை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று பொருள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டு, அதே பிழை பிப்ரவரி வரை தொடர்ந்தால் படிக்கவில்லை என்று பொருள். அனுமதி கிடைத்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பாடப்புத்தகத்தில் இல்லாத சிறு கதை ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பாடப்புத்தகம் மனப்பாடமாகியிருக்கும். கேட்பது தேர்வாகத் தோன்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஈராசிரியர் பள்ளியின் இன்னொரு பலவீனம், ஒருவர் வராத நாள். பயிற்சி, கூட்டம், வாக்காளர் பட்டியல் பணி, சொந்த விடுப்பு என்று எதுவானாலும் மற்றவர் ஐந்து வகுப்பையும் தனியாகத் தாங்க வேண்டும். போன மாதம் அப்படி எத்தனை நாள் நேர்ந்தது, அன்றைக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் இருவரில் எவரேனும் இடம் கேட்கும் எண்ணத்தில் இருக்கிறார்களா என்பதையும் நயமாக விசாரியுங்கள், ஏனென்றால் பிப்ரவரியில் நீங்கள் பார்த்து மனம் நிறைந்த ஆசிரியர் ஜூனில் வேறு பள்ளியில் இருக்கலாம். இதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாத பதில் வேண்டுமென்றால், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மாரிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த உறுப்பினர்கள் ஊருக்குள்ளேயே இருப்பார்கள். கடைசியாகக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று அவர்களிடம் கேட்டால், குழு உயிரோடு இருக்கிறதா, கையெழுத்தோடு சரியா என்பது தெரிந்துவிடும்.

கழிப்பறை பூட்டியிருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா என்பதை நேரில் பார்த்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. அது குறித்த நேரத்தில் வருகிறதா என்று கேட்டால் போதும். மழைக்காலத்தில் வளாகத்தில் தண்ணீர் நிற்குமா என்பதை ஊராரிடம் கேளுங்கள்.

வேன் விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் அந்தப் பகுதிச் சாலைகளில் எப்படி ஓடுகின்றன என்பது எண்ணூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை நாள்தோறும் இரண்டு வேளை அந்தச் சாலையில் போய்வருவதற்கு, அந்தப் பள்ளி ஈடாக எதைத் தருகிறது என்று கணவரைக் கேளுங்கள். ஆங்கிலம் என்றுதான் சொல்வார். அது நியாயமான கவலை. ஆங்கிலப் பாட வேளை தினமும் நடக்கிறதா என்பதையும் அதே நோட்டுகளில் பார்த்துவிடலாம். ஆங்கில வழிப் பிரிவு இருந்தாலும் இரண்டு ஆசிரியர் பள்ளியில் இரு வழிக்கும் அவர்களே பாடம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு அரசுப் பணி ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அவற்றுக்காக இப்போதே அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம்.

கீழ்ப்பலகையும் நோட்டும் நல்லபடியாக இருந்தால் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது மகள் சரளமாக வாசிக்கிறாளா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றலாம். இருக்கும் இருவரில் ஒருவர் பெயரளவில் மட்டுமே இருக்கிறார் என்று தெரிந்தால், பள்ளி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மகனைத் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, பொன்னேரி அருகே அண்ணன் வீட்டில் தங்கவைத்து, அங்குள்ள சிறிய அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்க்க விரும்புகிறேன். கட்டணப் பாக்கியைச் சொல்லி மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் தடங்கல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில்தான் வரும். பழைய பள்ளி பையனின் பெயரை விடுவிக்காதவரை புதிய பள்ளியின் பட்டியலில் ஏற்ற முடியாது. புதிய பள்ளித் தலைமையாசிரியரிடம் எமிஸ் எண்ணைக் கொடுத்து, எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடமும் சேர்ப்பியுங்கள். அது சரியாகும்வரை பையன் வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம்.