ஜிபிஎஸ் லாக் ஆக ஏன் இவ்வளவு நேரம்? கேள்வி பதில்

பிரிக்பீல்ட்ஸ் வாடகைக் காடி ஓட்டுநர்: அண்ணே, டேட்டா தீர்ந்த போன். பேஸ்மென்ட்ல இருந்து வெளிய வந்தா ரெண்டு நிமிஷம் மேப்புல புள்ளி அசைய மாட்டேங்குது.

தம்பி, 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து வர்ற சிக்னல், ஆன்டெனாவுக்கு வரும்போது இரைச்சலுக்கும் கீழ கிடக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துண்டு உள்ள தனி கோட் (குறியீடு). மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ரிசீவர் அதோட நகலைத் தானே உண்டாக்கி, அரைத் துண்டா நகர்த்தி ஒட்டிப் பாக்குது: 2,046 இடம். கோள் ஓடுறதால அலைவரிசையும் மேல கீழ 5 கிலோஹெர்ட்ஸ் விலகும். 500 ஹெர்ட்ஸ் படியா வச்சா 21 படி. ஒரு கோளுக்கே ஏறக்குறைய 43,000 கட்டம்! பொருந்துற கட்டத்துல மட்டும் முகடு எழும்பும். அப்புறம் ஒரு நகலை லேசா முந்தவிட்டு, இன்னொண்ணைப் பிந்தவிட்டு, ரெண்டும் சமமா இருக்கும்படி பிடிச்சுக்கிட்டே ஓடணும். அதுதான் லாக்.

இப்போ வர்ற சிப்புக்கு இந்தத் தேடலெல்லாம் சின்ன வேலை. உங்க தாமதம் வேற இடத்துல. கோளோட பாதை விவரம் வினாடிக்கு 50 பிட்டா சொட்டுது. ஒரு சுற்று 30 வினாடி. நடுவுல எல்ஆர்டி ரயில் பாலத்துக்கு அடியில பூந்தா அறுந்துடும், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கணும். வெட்டவெளியில அரை நிமிஷம் நில்லுங்க. டேட்டா போட்டா இந்த விவரம் நெட்வொர்க்லயே வந்துடும்.

செராஸ்: ஸ்மார்ட் சுரங்கச் சாலைக்குள்ள புள்ளி நகருதே?

சிக்னல் இல்ல. ஆப் குத்துமதிப்பா ஓட்டுது.

பத்து காவான், சர்வே வேலை: மழை பெஞ்சா லாக் போகுது சார்.

மழையில போறது டிவி டிஷ். 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்ல.

அவரே: கண்ணால பாத்தேன். போன மார்ச், ராத்திரி 9 மணி, ரோட்டு வேலை. சென்டிமீட்டர் கணக்கு மொத்தமும் எகிறிடுச்சு.

மார்ச், ராத்திரி 9! இதை முதல்லயே சொல்லக்கூடாதா? நாம காந்த நடுக்கோட்டுப் பக்கம் இருக்கோம். பொழுது சாஞ்சதும் அயனமண்டலத்துல, அதாவது உயரத்துல இருக்குற மின்னேறின காற்று அடுக்குல, குமிழி கிளம்பும். அதுக்குள்ள புகுந்து வர்ற சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்கும். அலையை எண்ணி அளக்குற உங்க கருவிக்கு எண்ணிக்கை தவறிடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர்ல அதிகம். சூரியன் கொதிக்கிற வருஷத்துல இன்னும் மோசம்.

ஜெலுத்தோங்: அப்ப என் போன் மட்டும் ஏன் சும்மா இருந்துச்சு? மழைதான்.

உங்களுக்கு அஞ்சு மீட்டர் தப்பினா தெரியாது. அவருக்கு அஞ்சு சென்டிமீட்டர் தப்பினா ரோடு கோணல். மறுநாள் பகல்ல, அதே மழையில அளந்து பாருங்க சார், எழுதுங்க.

செந்தூல்: என் காடியிலயும் லேட்டா லாக் ஆகுது, ஏன்?

முதல் பதில். உலோக டின்ட் ஒட்டியிருந்தா அதையும் பாருங்க.

கிள்ளான் லாமா சாலை: லேட் ஆகுது அண்ணே...

வெட்டவெளி. அரை நிமிஷம்.