ஸ்டான்ட்பையிலும் அழிந்த டேபிளுக்கு

தம்பி, கல்முனைக் கடைக் கணக்கில் பிற்பகல் 3 மணிக்கு ஒரு டேபிள் (தரவு அட்டவணை) அழிபட்டு, பிரதான சேர்வரை உடனுக்குடன் பின்பற்றும் ஸ்டான்ட்பை சேர்வரிலும் இல்லாமல் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டான்ட்பை அழிப்பையும் அப்படியே பின்பற்றும். அது பக்கப் அல்ல.

ஓடுகிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்போது கைவைக்காதீர்கள். வேறு கணினியில் நேற்றிரவு எடுத்த பேஸ் பக்கப்பை (டேட்டாபேஸின் முழுப் பிரதியை) விரித்து, அதன்பின் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைத்திருக்கும் டபிள்யூஏஎல் ஆர்க்கைவ் கோப்புகளை பிற்பகல் 2.59 வரை மட்டும் ஓட விடுங்கள். ரிக்கவரி டார்கெட் டைம் என்ற செட்டிங் இதற்குத்தான். பிறகு அந்த டேபிளை மட்டும் டம்ப் கோப்பாக வெளியே எடுத்து, ஓடுகிற டேட்டாபேஸில் ஏற்றுங்கள். உங்களிடம் இருப்பது நேற்றிரவு எடுத்த பிஜி டம்ப் கோப்பு மட்டும் என்றால், மன்னியுங்கள், நேற்றிரவு வரைதான் மீளும்; மிச்சத்தைப் பில் கட்டைப் பார்த்துப் பதிய வேண்டியதுதான்.

இனி ஒரு ஸ்டான்ட்பையை ஒரு மணிநேரம் பிந்தி ஓட விடுங்கள். ஒரு பிரதி ஊருக்கு வெளியேயும் இருக்கட்டும். 2004 சுனாமி அடித்த கரையல்லவா.