கையில் டிப்ளமோ இருக்கிறது, கல்லூரிக்குத் தயாரா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து, இப்போது மாணவர் ஆலோசகராக இருக்கும் நம் உறுப்பினர், பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு தாத்தா): பேரன் டெக்சஸில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். எத்தனை மார்க் என்று கேட்டால், "இங்கே அப்படியெல்லாம் கிடையாது தாத்தா" என்கிறான். மழுப்புகிறானா?

பதில்: இல்லை ஐயா, உண்மையைத்தான் சொல்கிறான். பிளஸ் டூவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். முன்பின் தெரியாத ஆசிரியர் திருத்துகிறார். இங்கே டிப்ளமோ, அதாவது பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ், தருவது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு). பாடம் நடத்தியவரே மதிப்பெண்ணும் போடுகிறார். பாடத்தில் தேறினால் கிரெடிட் கிடைக்கும். கார்னகி அறக்கட்டளை 1906 வாக்கில் வகுத்த பழைய கணக்கின்படி, ஒரு கிரெடிட் என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 மணி நேர வகுப்பு. டெக்சஸில் குறைந்தது 22 கிரெடிட் வேண்டும்.

கூடவே அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு என ஐந்து மாநிலத் தேர்வுகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பத்தாம் வகுப்புக்குள் முடிந்துவிடும். இரண்டில் தவறினாலும், பள்ளியில் ஒரு குழு கூடி ஆராய்ந்து டிப்ளமோ கொடுக்கலாம். ஆகவே பேரனிடம் மார்க்கைக் கேட்காமல் டிரான்ஸ்கிரிப்ட்டைக் கேளுங்கள். நான்கு ஆண்டுகளில் எந்தப் பாடங்களை எடுத்தான், எவற்றைத் தவிர்த்தான் என்பது அதில்தான் இருக்கிறது.

கேள்வி (சான் ஹொசேயில் இருக்கும் ஒரு தாய்): மகள் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டாள். ஆனால் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயமே இல்லை அம்மா, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. டிப்ளமோவுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு ஆங்கிலம், இரண்டு ஆண்டு கணிதம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் கேட்பதோ நான்கு ஆண்டு ஆங்கிலம், மூன்று ஆண்டு கணிதம், இரண்டு ஆண்டு வேற்றுமொழி உட்பட 15 பாடங்கள். ஒரே மாநிலத்தின் இரண்டு அளவுகோல்கள் இவை. பல மாவட்டங்கள் தாமாகவே இரண்டாவதை ஏற்றுக்கொண்டுவிட்டன. உங்கள் மாவட்டம் ஏற்கவில்லை போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரும் வழி திறந்தே இருக்கிறது. அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

கேள்வி (சிகாகோவில் இருக்கும் ஒரு தந்தை): மகனுக்கு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) நாலுக்கு 4.0. இனிக் கவலையில்லை அல்லவா?

பதில்: கொஞ்சம் கவலைப்படலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அமைந்த ஒரு குழு 2025 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிக் கணிதத் தரத்தைக்கூட எட்டாமல் வந்து சேரும் மாணவர்கள் 2020க்கும் 2025க்கும் இடையில் ஏறத்தாழ முப்பது மடங்கு பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று நடத்தும் அடிப்படை வகுப்பில் கால்வாசிப் பேருக்கு மேல் பள்ளிக் கணிதத்தில் 4.0 வாங்கியவர்கள்! கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் ஏசிடி நிறுவனத்தின் ஆய்வும் இதையே காட்டுகிறது: அதன் தேர்வை எழுதியவர்களின் சராசரி ஜிபிஏ 2010இல் 3.22, 2021இல் 3.39. அதே காலத்தில் தேர்வு மதிப்பெண் உயரவில்லை, சற்றுச் சரிந்தது.

அதற்காக ஜிபிஏவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் சிகாகோவிலேயே, அரசுப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. யார் பட்டப்படிப்பை முடிப்பார்கள் என்பதை ஏசிடி மதிப்பெண்ணைவிடப் பள்ளி ஜிபிஏதான் பல மடங்கு நன்றாகக் காட்டியது. நான்கு ஆண்டு வீட்டுப்பாடம் செய்து, பிடிக்காத ஆசிரியரிடமும் ஒத்துப்போய், திங்கட்கிழமை காலையில் வகுப்பில் இருந்தவன் என்பதற்கு அது சான்று. மகனுக்குக் கணிதம் எவ்வளவு தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் டிப்ளமோ வாங்குபவர்களின் விகிதம் ஆண்டுதோறும் உயர்கிறதே, நல்லதுதானே?

பதில்: 2011-12இல் 80 சதவீதமாக இருந்தது 2021-22இல் 87 ஆனது. பள்ளியை விட்டு நிற்பவர் குறைந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2024இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், பன்னிரண்டாம் வகுப்பினரில் 45 சதவீதத்தினர் கணிதத்தில் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தார்கள். வாசிப்பில் 32 சதவீதம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் டிப்ளமோவோடுதான் வெளியேறியிருப்பார்கள்.

2017இல் வாஷிங்டன் நகரின் பல்லூ உயர்நிலைப் பள்ளி, இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கொண்டாடியது. பிறகு விசாரித்ததில், அவ்வாண்டு அந்நகரின் அரசுப் பள்ளிகளில் தேறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விதிகளை மீறியே டிப்ளமோ தந்தது தெரியவந்தது. வாரக்கணக்கில் வகுப்புக்கே வராதவர்களும் அதில் அடக்கம். விகிதத்தை உயர்த்து என்று மேலிருந்து நெருக்கினால் விகிதம் உயரத்தான் செய்யும்.

கேள்வி: டிப்ளமோவுக்கான மாநில இறுதித் தேர்வுகளை நீக்கியதுதான் இதற்கெல்லாம் காரணமா?

பதில்: கலிபோர்னியா 2015இல் நிறுத்தியது, மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2024இல் நீக்கினார்கள், நியூயார்க்கும் ரீஜண்ட்ஸ் என்ற தன் மாநிலத் தேர்வைக் கட்டாயத்திலிருந்து விலக்கப் போகிறது. நான் இதற்குப் பெரிதாக வருந்தவில்லை. மாசசூசெட்ஸ் தேர்வைப் பிள்ளைகள் எழுதியதே பத்தாம் வகுப்பில்தான். அதில் தேறியவன் கல்லூரிக் கால்குலஸுக்குத் தயார் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை.

கேள்வி (ஒரு மாணவர்): பள்ளி பிடிக்கவில்லை. பள்ளியை முடிக்காதவர்கள் எழுதும் ஜிஇடி தேர்வை எழுதிவிட்டால் அதுவும் டிப்ளமோவுக்குச் சமம்தானே?

பதில்: தாளில் சமம், தம்பி. ஒவ்வொரு பாடத்திலும் 145 வாங்கினால் தேர்ச்சி, 165 என்றால் கல்லூரிக்குத் தயார் என்று தேர்வை நடத்துபவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். அந்த நேர்மை டிப்ளமோவில் இல்லை. ஆனால் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் ஆராய்ந்து கண்டது இது: அறிவுத் தேர்வில் ஜிஇடி தேறியவர்கள் டிப்ளமோ வாங்கியவர்களுக்கு இணையாக இருந்தும், வேலையிலும் வருமானத்திலும் பள்ளியை இடையில் விட்டவர்களைப் போலவே இருந்தார்கள். குறைந்தது ஓர் ஆசிரியரிடமாவது பேசிவிட்டு முடிவெடு.

கேள்வி: கல்லூரி வேண்டாம், ராணுவத்தில் சேர்கிறேன் என்கிறான் மகன். அதற்காவது போதுமா?

பதில்: அங்கேயும் நுழைவுத் தேர்வு உண்டு. டிப்ளமோவோடு போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதில் தவறியதாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாதிரித் தேர்வை இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சரி, வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பிள்ளை சேரவிருக்கும் கல்லூரியின் முதலாண்டுப் பாடநூல் ஒன்றை நூலகத்தில் எடுத்து, ஓர் அத்தியாயத்தைத் தனியாகப் படித்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கைபேசி பக்கத்தில் இருக்கக் கூடாது. கணிதத்துக்குக் கல்லூரிகள் தரும் மாதிரி வினாக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பின்னங்களில் தடுமாறினால் இந்தக் கோடையிலேயே சரிசெய்யலாம். இன்னொன்று: பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தால் அதை யார் எழுதுகிறார்கள்? இன்னும் நீங்கள்தான் என்றால், நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.