வைப்பர் பாதியில் நின்றுவிடுகிறது, ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இப்போதே மாற்ற வேண்டாம். முதலில் எர்த்தைப் பாருங்கள், அதாவது மோட்டாரிலிருந்து கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை.

அதற்கும் முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்விட்சை அணைத்ததும் கீழே வந்து படுக்காமல் நடுவில் நிற்கிறதா, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறதா? அணைத்ததும் நின்றால் மோட்டார் கியருக்குள் இருக்கும், வைப்பரைக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் பார்க்கிங் ஸ்விட்சையும் அதற்கு வரும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஓடும்போது நின்றால் அது வேறு கதை.

என் காரில் இரண்டாவதுதான். நல்ல மழையில் வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து, கண்ணாடி நடுவில் நின்றுவிடும். எதிரே ஒன்றும் தெரியாமல் பதறிப்போனேன். மோட்டார் போய்விட்டது என்றார் மெக்கானிக். கனெக்டரைக் கழற்றி ஒயரில் மீட்டர் வைத்தேன்: 12.4 வோல்ட். கரண்ட் ஒழுங்காக வருகிறது, மெக்கானிக் சொன்னதுதான் சரி என்று நானும் நம்பிவிட்டேன்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கனெக்டர் கழன்றிருக்கும்போது கரண்ட் ஓடுவதே இல்லை. மீட்டர் இழுப்பது துளியூண்டு. அதனால் பாதி அரித்துப்போன இணைப்புகூட முழு வோல்டேஜைக் காட்டும். மோட்டார் சில ஆம்பியர் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

மறுபடி கனெக்டரை மாட்டி, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைப்பரை ஓடவிட்டு அளந்தேன். மோட்டாருக்குக் கிடைத்தது 8 வோல்ட் சொச்சம். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை மோட்டாரின் எர்த் ஒயரிலும் வைத்தேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 3.8 காட்டியது! எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கண்ணாடிக்குக் கீழே இலைச் சருகு சேரும் பள்ளத்தில் ஒரு போல்ட். கழற்றியதும் வாஷருக்கு அடியிலிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து பழைய வேகம்.

எர்த் சரியாக இருந்தால், இதே சோதனையைப் பேட்டரி பிளஸுக்கும் மோட்டாருக்கு வரும் ஒயருக்கும் நடுவே செய்யுங்கள். அங்கே மீட்டர் அதிகம் காட்டினால் வோல்டேஜ் வழியில் தொலைகிறது என்று அர்த்தம்; ரிலே, ஸ்விட்ச், ஃபியூஸ் மாட்டும் கிளிப் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

இரண்டு பக்கமும் சுத்தம், ஆனாலும் நிற்கிறது என்றால், மோட்டாரிலிருந்து லிங்க் ராடை (மோட்டாரின் சுழற்சியை வைப்பருக்குக் கொண்டுபோகும் கம்பி) கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டிப் பாருங்கள். கையை மட்டும் தூர வையுங்கள், விரலை நசுக்கும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. தனியாக நன்றாகச் சுற்றினால் இறுகிப்போனது லிங்க். சில மோட்டார்களில் சூடானால் துண்டித்து, ஆறியதும் சேர்க்கும் பிரேக்கர் உள்ளேயே இருக்கும். லிங்க் இறுகினால் அதுவே விட்டு விட்டு நிறுத்தும். முழு வோல்டேஜ் கிடைத்தும் தனியாகக்கூடச் சுற்றாவிட்டால், மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அப்போது மோட்டாரை மாற்றுங்கள்.