வாசகர் கேள்வி: ஊதாத் தவளைக்கு எந்த மழை?

கேள்வி: வருடம் முழுக்க மண்ணுக்குள்ளேயே வாழும் தவளை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறதாமே? வெளியே வர வேண்டிய நாள் அதற்கு எப்படித் தெரிகிறது? (வாசகி, ராஜபாளையம்)

பதில்: நீங்கள் கேட்பது ஊதாத் தவளை. எனக்கு ரொம்பப் பிடித்த உயிரினம். 2003-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. உருண்ட உடல், குட்டைக் கால்கள், கூரான மூக்கு எல்லாமே மண் தோண்டும் வாழ்க்கைக்கு ஏற்றவை. தரைக்கடியிலேயே கறையான் கிடைப்பதால் சாப்பாட்டுக்கு மேலே வர வேண்டியதில்லை. இனப்பெருக்கத்துக்காக மட்டும், மழை மண்ணை நனைத்ததும் சில நாள் எட்டிப் பார்க்கும்.

தலைப்பிரட்டைகளின் கதையே வேறு. அவை வளர்வது பாறைகளில் சீறிப் பாயும் மழைக்கால ஓடைகளில். அதனால் வாயே உறிஞ்சியாகி, வெள்ளத்திலும் பாறையை விடாமல் பற்றிக்கொள்கின்றன. ஒரே உயிர், இரண்டு வாழிடம், இரண்டு உடல்!

சரி, எந்த மழை? கேரளப் பக்கத்துத் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து 2017-இல் இன்னொரு இனத்தை விவரித்தார்கள். அது காத்திருப்பது வடகிழக்குப் பருவமழைக்கு. பாம்பு, தவளை, ஆமை ஆய்வுகளுக்கே வாழ்நாளைக் கொடுத்த கோவை விஞ்ஞானி பூபதியின் பெயரை அதற்கு வைத்தது மிகப் பொருத்தம்.

அப்புறம், அந்தப் பக்கம் போனால் மழைக்கால ஓடைகளில் கல்லைப் புரட்ட வேண்டாம். தலைப்பிரட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.