அம்மம்மாவின் மருத்துநீரும் கதையும்

வணக்கம் அண்ணா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அதில் வரும் கிழவி பாதிக்கு மேல் என் அம்மம்மாதான். மாசியில் அவரின் புருசன் சாகிறார், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை, நடக்கிறது. பிறகு சித்திரை வருடப்பிறப்பு வருகிறது. தலையில் தேய்த்து முழுகும் மருத்துநீர், பெரியவர்கள் கையால் கொடுக்கும் கைவிசேடக் காசு, பலகாரம் எல்லாம் எழுதினேன். முடிவில் நவராத்திரிக் கும்பமும் வருகிறது. வாசித்த சிநேகிதி, "பள்ளிக்கூட மலரில வாற கட்டுரை மாதிரிக் கிடக்கு" என்றாள். அம்மா, "வீட்டுச் சங்கதியை ஊருக்குச் சொல்லப்போறியோ" என்கிறார். வழக்கங்களை எடுத்துவிட்டால் கிழவி யாரோ ஒருத்தி ஆகிவிடுகிறாள். வைத்தால் கதை நகராமல் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

சிநேகிதி சொன்னது சரி. உங்கள் கிழவி எல்லாச் சடங்கையும் பிழையில்லாமல் செய்கிறாள். பிழையில்லாமல் செய்யும்போது எல்லாக் கிழவிகளும் ஒரே ஆள்தான். ஒரு வழக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வேலை யாருடையது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, யார் அதைத் தன் பாட்டுக்குச் செய்கிறார் என்பதில்தான் பாத்திரம் பிடிபடும்.

வருடப்பிறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அதைத் துண்டு துண்டாக எழுதுங்கள். கோவிலில் ஐயர் காய்ச்சி வைத்திருக்கும் மருத்துநீரை யார் போய் வாங்குவது, எந்தப் பாத்திரத்தில்? தலைக்கும் காலுக்கும் வைக்கிற இலையை யார் தேடுவது? (அது வருடத்துக்கு வருடம் மாறும், பஞ்சாங்கம் பார்க்காமல் தெரியாது.) யார் யாருடைய தலையில் தேய்ப்பது? கைவிசேடம் முதலில் யாருக்கு, கடைசியில் யாருக்கு? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரைப் போடுங்கள். எங்காவது இரண்டு பெயர் முட்டும், அல்லது பெயரே இல்லாமல் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். கதை அங்கே தொடங்கலாம்.

நேரத்தையே பாருங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் வருடம் பிறக்கும் நேரம் ஒத்துப்போவதில்லை. கைவிசேட நேரமும் உடுக்கச் சொல்லும் நிறமும்கூட வேறுபடும். வாக்கியம் பார்க்கும் வீட்டில் பிறந்தவள் திருக்கணிதம் பார்க்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் எந்த நேரத்துக்கு முழுகுவாள்? புகுந்த வீட்டு நேரத்துக்கு எல்லோரோடும் முழுகிவிட்டு, பிறந்த வீட்டு நேரத்துக்கு ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு சொட்டு மருத்துநீரை உச்சியில் வைத்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றி வாசகருக்கு இரண்டே வரியில் நிறையத் தெரிந்துவிடும். சண்டை வைக்கத் தேவையில்லை.

இனி உங்கள் கதையில் உள்ள பெரிய ஓட்டை. புருசன் மாசியில் போய்விட்டார். சித்திரையில் கிழவி பலகாரம் சுடுகிறாள். சாவு நடந்த வீட்டில் ஆட்டைத் திவசம் (முதல் வருடத் திவசம்) முடியுமுன் வருடப்பிறப்புக் கொண்டாடுவதில்லை. ஊர் வாசகர் அந்த இடத்திலேயே கதையை மூடி வைத்துவிடுவார். இதை வெறும் திருத்தமாகப் பார்க்காதீர்கள். கட்டுரையைக் கதையாக்கும் வழி இதிலேயே இருக்கிறது. கொண்டாட்டம் இல்லாத வீட்டுக்கு அயலவர் பலகாரம் கொண்டுவருவார்கள். யார் முதலில் வருகிறார், யார் அந்த வருடம் வரவில்லை, கிண்ணியாவிலிருந்து பழைய சிநேகிதி வருகிறாளா? இத்தனை வருடம் தட்டம் நிறையக் கொடுத்தவள், இப்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளை விளங்காமல் கைவிசேடத்துக்குக் கை நீட்டினால் என்ன செய்வாள்? நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு சடங்கும் இந்த ஒரு காலைக்குள் அடங்கும்.

கன்னியாக் கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதை உங்கள் பிரதியில் இருந்தால் வெட்டுங்கள். ஏழு கிணறுகளும் ஒரே சூடல்ல என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தலையில் வார்க்குமுன் கையை விட்டுப் பார்ப்பவர் ஒருவர், ஏழில் ஒன்றும் தவறக்கூடாதென்று எண்ணிக்கொண்டே வார்ப்பவர் ஒருவர், ஐந்தாவதோடு வாகனம் தேடிப் போகிறவர் ஒருவர். மூன்று பாத்திரங்கள் வந்துவிட்டன, ஒருவரையும் வர்ணிக்கவில்லை. கதை எந்த வருடம் நடக்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். யுத்த காலத்தில் நினைத்த நேரம் அங்கே போய்வர முடிந்ததா? முடியாவிட்டால் முப்பத்தோராம் நாள் எங்கே நடந்தது? இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்கவேண்டும்.

வழக்கம் தடைப்பட்ட இடங்களில்தான் ஆள் தெளிவாகத் தெரிகிறார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி முகாமில் தைப்பொங்கல் பொங்கியிருப்பார்கள். முற்றம் தன்னுடையதல்ல, நெல் தன் வயலுடையதல்ல. அப்போதும் பானையில் பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பவளும், பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்புபவளும் ஒரே தறப்பாளின் கீழ் இருக்கலாம்.

கும்பத்தை விட்டுவிடுங்கள். தலையில் கும்பம் சுமந்து வீதி சுற்றுவது இளந்தாரிகளின் இரவு. உங்கள் கிழவிக்கு அதில் படலையில் நின்று பார்ப்பதைத் தவிர வேலையில்லை. ஒரு சிறுகதைக்கு ஒரு வழக்கம் போதும், இன்னொன்று ஒரு வரியில் வந்து போகலாம்.

உரையாடலில் விளக்கம் வைக்காதீர்கள். "எங்கட வழக்கப்படி தலைக்கு இந்த இலை வைக்கவேணும் மகள்" என்று ஒரு வீட்டிலும் ஒருவரும் கதைப்பதில்லை. "இலை எங்க?" என்றுதான் கேட்பார்கள். மருத்துநீர் தெரியாத சென்னை வாசகருக்கு அதன் மணமும் நெற்றியில் வழிவதும் காலடியில் நசியும் இலையும் போதும். கனடாவிலிருந்து மச்சாளைக் கூட்டிவந்து கேள்வி கேட்கவைப்பது தேய்ந்துபோன உத்தி. ஏதாவது ஒரு சாமான் குறையட்டும். அதைத் தேடும்போது அது எதற்கென்று தானாக விளங்கிவிடும்.

பெரியவர்களிடம் "வருடப்பிறப்பு எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் பஞ்சாங்கத்தில் உள்ளதைத்தான் ஒப்புவிப்பார்கள். "எந்த வருடம் செய்யாமல் விட்டீங்கள்? ஆர் ஏச்சு வாங்கினது? உங்கட அம்மா செய்ததில எதை நீங்கள் விட்டிட்டீங்கள்?" என்று கேளுங்கள். அம்மம்மாவையும் அவரின் சகோதரியையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரியென்று ஆராயாமல் இரண்டையும் குறித்துவையுங்கள், ஒன்று உங்கள் கிழவிக்கு, மற்றது அவளின் மச்சாளுக்கு. சுளகு, கடகம், பாக்குவெட்டி என்று அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. உறவுமுறையை, தொழிலை, பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றலாம். இரண்டு பேரை ஒருவராக்கலாம். ஆனால் அடையாளம் மறைப்பதற்காக ஊரை மட்டும் மாற்றினால் சடங்கும் கூடவே மாறவேண்டும். கதையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் அந்தியேட்டி கீரிமலைக்குப் போய்விடும், வெந்நீர்க் கிணறு ஏழும் இல்லை. வழக்கம் ஊருக்குப் பொது, அதை எழுத யாரையும் கேட்கவேண்டியதில்லை. அந்த வழக்கத்தன்று வீட்டில் நடந்த அவமானம் ஒருவருக்குச் சொந்தம். அவர் உயிரோடிருந்தால் அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாமென்றால் அவமானத்தை எடுத்துவிட்டு இலையை வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுதும்போது பலகாரத் தட்டத்தோடு அயலவர் படலை திறக்கும் இடத்தில் தொடங்கிப் பாருங்கள். கன்னியா நடுவில் நாலு வரிக்கு மேல் வேண்டாம்.