குலுக்கலில் விழுந்த சார்ட்டர் பள்ளி இடம்: சேர்க்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் ஜெர்சி சிட்டியில் இருக்கிறோம். மகளுக்கு ஒரு சார்ட்டர் பள்ளியில் குலுக்கலில் இடம் விழுந்திருக்கிறது. அது அரசுப் பள்ளியா, தனியாரா? பின்னால் ஃபீஸ் கேட்பார்களா? பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

பதில்: ஃபீஸ் பயம் வேண்டாம். அது பொதுப் பள்ளிதான், கல்விக் கட்டணம் வாங்க முடியாது. ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் உங்கள் கல்வி மாவட்டமே பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அந்தப் பள்ளிக்குப் பணம் அனுப்புகிறது. மாநிலத் தேர்வுகளும் மற்ற பொதுப் பள்ளிகளுக்கு உள்ளவைதான்.

நிர்வாகம்தான் வேறு. 1991-ல் மினசோட்டாவில் முதல் சட்டம் வந்ததிலிருந்து ஏற்பாடு இதுதான்: பாடமுறையிலும் நிர்வாகத்திலும் பள்ளிக்குச் சுதந்திரம், பதிலுக்குக் காலக்கெடு உள்ள ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம்தான் சார்ட்டர். நியூ ஜெர்சியில் அதைத் தருபவர் மாநிலக் கல்வி ஆணையர். முதலில் 4 வருடம், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் தேறவில்லை, கணக்கு சரியில்லை என்றால் ஆணையர் பள்ளியை மூடவும் முடியும். அதனால் சார்ட்டர் எப்போது முடிகிறது, கடைசிப் புதுப்பித்தலில் என்ன நிபந்தனை போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஜெர்சி சிட்டியின் கல்வி போர்டை நீங்கள் ஓட்டுப்போட்டு மாற்றலாம். சார்ட்டர் பள்ளியின் அறங்காவலர் குழு ஊர்த் தேர்தலில் வருவதில்லை, பள்ளியின் சொந்த விதிப்படி அமைகிறது. பொதுப்பணம் செலவாகிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் குழுவின் கூட்டங்களுக்குப் பொதுக்கூட்டச் சட்டம் பொருந்தும், யாரும் போய் உட்காரலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போங்கள், பழைய கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி விலகுகிறார்களா, பள்ளியை நடத்த வெளி நிறுவனத்துக்குப் பணம் போகிறதா, குழுவில் பெற்றோர் இருக்கிறார்களா என்று பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.

புகார் என்றால் முதலில் அந்தக் குழுவிடம். பெற்றோரும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கும் குறைதீர்க் குழு ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதன் பரிந்துரை கட்டாயமில்லை என்றாலும் எழுத்தில் கொடுங்கள். சட்டமீறல் என்றால் அடுத்து ஆணையரிடம் போகலாம்.

கூட்டமும் பதில்களும் திருப்தி தந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் மகளை உங்கள் மாவட்டப் பள்ளிக்கு மாற்றலாம், அவர்கள் மறுக்க முடியாது.